கச்சான் காலமும் பிள்ளையின் கன்னமும்

கச்சான் காற்று வைகாசிக்குப் பிறகு எழும்பி ஆனி, ஆடியில் உச்சத்துக்கு வரும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறி, ஈரம் இழந்து இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற எங்களிடம் வந்து சேர்கிறது. வாகரையிலிருந்து பொத்துவில் வரை கொடியில் போட்ட துவாய் சட்டென்று மொறமொறவென்று காய்ந்துவிடுவது இதனால்தான். அதே காற்றுத்தான் பிள்ளையின் கன்னத்திலும் படுகிறது.

உடம்பின் மற்ற இடங்களை உடுப்பு மூடிக்கொள்ளும். முகம் எப்போதும் வெளியே. கைக்குழந்தை என்றால் அதற்கு மேல் எச்சில் வழியும், பால் வழியும், பாயிலும் அம்மாவின் தோளிலும் கன்னம் உரசும். எக்சிமா, அதாவது கரப்பன், பெரும்பாலும் கன்னத்திலும் நெற்றியிலும் முதலில் காட்டுவது இதனால்தான். மூக்கு நுனி அநேகமாகத் தப்பிவிடும். நப்கின் கட்டுகிற இடமும் தப்பும், அங்கே ஈரம் இருப்பதால்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? தோலின் மேற்படைக் கலங்களுக்கு இடையே செராமைட் போன்ற கொழுப்புகள் நிரம்பியிருக்கும். ஃபிலாக்ரின் என்ற புரதம் அந்தக் கலங்களை இறுக்கமாக வைத்து, நீரையும் பிடித்துவைக்கும். எக்சிமா வரும் பிள்ளைகளில் பலருக்கு இந்த அமைப்பு பரம்பரையாகவே பலவீனம். உள்ளே இருக்கிற நீர் வெளியேறுகிறது; வெளியே இருக்கிற சவர்க்காரம், வியர்வை, தூசு, கிருமி உள்ளே போகின்றன. தோல் அழற்சி அடைகிறது, கடிக்கிறது, பிள்ளை சொறிகிறது, சொறிந்த இடத்தால் இன்னும் நீர் போகிறது. ஆகவே வைத்தியத்தின் முக்கால் பங்கு, போகிற நீரைத் தடுப்பதுதான். மருந்து அதற்கு அடுத்தது.

எங்கள் நிறத்தில் எக்சிமா பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். படங்களில் காண்கிற ரோஸ் நிறக் கன்னத்தை எதிர்பார்த்திருந்தால் பல நாள் கடந்துவிடும். மாநிறப் பிள்ளைக்கு அது சாம்பல் பூத்த மாதிரி, அல்லது சுற்றுத் தோலைவிடக் கறுத்து, சில நேரம் ஊதா கலந்து இருக்கும். கண்ணைவிட விரல் நல்லாய்க் கண்டுபிடிக்கும். புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பாருங்கள்: மணல் ஒட்டிய மாதிரிச் சொரசொரப்பு, சற்றுச் சூடு, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புக் கோடுகள். பிள்ளை கன்னத்தைத் தலையணையில் தேய்ப்பதும் அதன் கடியின் அடையாளம்.

இனி முகம் கழுவுவது. இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் கிட்டிய கிணறுகளில் உப்பும் கல்சியமும் கூடின தண்ணீர் பல இடங்களில் உண்டு. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்காததால் இன்னும் தேய்ப்போம். தேய்த்தது கழுவுப்படாமல் ஒரு படலமாகத் தோலில் தங்கும். வழமையான சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, நலமான தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. அந்தப் பொருத்தமின்மையே மேற்படையைக் கரைக்கும். எக்சிமா உள்ள முகத்துக்குச் சவர்க்காரம் தேவையே இல்லை. தண்ணீர் போதும். அழுக்கு, எண்ணெய் இருந்தால் வாசனை இல்லாத, நுரை குறைந்த கழுவல் கிரீம். குழாய் நீரோ, உப்புக் குறைந்த கிணற்று நீரோ இருந்தால் முகத்துக்கு மட்டுமாவது அதைக் கோப்பையில் எடுத்து வையுங்கள்.

சூடான தண்ணீரும் வேண்டாம். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. குளிப்பு 5 முதல் 10 நிமிடம். கிருமிநாசினித் திரவத்தை வாளியில் ஊற்றுவது, வேப்பிலை அவித்த தண்ணீரை முகத்தில் அடிப்பது, பயற்றம் மா தேய்ப்பது மூன்றையும் விட்டுவிடுங்கள். மா தோலை உராய்ந்து காயவைக்கும். அதைவிட முக்கியமான ஒன்று: வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உடம்புக்குள் போனால், அந்த உணவுக்கே ஒவ்வாமை உண்டாகக்கூடும். பாலாடை, முட்டை, பருப்பு மா எதுவானாலும் அது வயிற்றுக்குப் போகட்டும், வெடித்த கன்னத்துக்கு வேண்டாம்.

கழுவிய பின் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முழுக்கக் காய விடவும் கூடாது. ஈரம் தொட்டால் தெரிகிற நிலையில், 3 நிமிடத்துக்குள் ஈரப்பூச்சு போட வேண்டும். கச்சான் நாளில் ஃபேனுக்குக் கீழே வைத்து உடுப்பு மாற்றிவிட்டுப் பிறகு பூசினால், பூட்டி வைக்க அங்கே ஈரமே இருக்காது. ஆகவே டப்பாவைக் குளிக்கிற இடத்துக்கே கொண்டுபோங்கள்.

எதைப் பூசுவது? வாசனை, நிறம், மூலிகை ஒன்றும் சேராத வெள்ளை மென்பரஃபின், அதாவது சாதாரண பெற்றோலியம் ஜெலி, பார்மசியில் மலிவாய்க் கிடைப்பவற்றில் மிக நல்லது. அதையும் திரவப் பரஃபினையும் சரிபாதி கலந்ததும் வரும். அது இளகலாக இருப்பதால் பூச இலகு. எங்கள் வெப்பத்தில் பகலில் ஜெலி பூசினால் சில பிள்ளைகளுக்கு வியர்த்துப் பொருபொருவென்று வியர்க்குரு போடும். அப்படியானால் பகலுக்குச் செராமைட் அல்லது கிளிசரின் உள்ள வாசனையற்ற கிரீம், இரவுக்கு ஜெலி. லோஷன் நீர்த்தது, கச்சானுக்குத் தாக்குப்பிடிக்காது. அக்வஸ் கிரீம் பற்றி ஒரு எச்சரிக்கை: அதில் பொதுவாகச் சோடியம் லோறில் சல்பேட் என்ற கழுவு பொருள் இருக்கும். கழுவப் பாவித்து உடனே அலசிவிடலாம், பூசி விட்டுவைத்தால் பல பிள்ளைகளுக்கு எரியும், தோல் இன்னும் மெலியும்.

அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுகிறோம். ஒரு வயதுப் பிள்ளையின் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்குக் கால் தேக்கரண்டி வேண்டும். நாளுக்கு நாலு தடவை என்றால் கிட்டத்தட்ட 5 கிராம். அந்தக் கணக்கில் 100 கிராம் டப்பா மூன்று கிழமைக்குள் முடிய வேண்டும். முகத்துக்கு மட்டும் வாங்கிய டப்பா மூன்று மாதமாய் அப்படியே இருந்தால், கிரீம் சரியில்லை என்று மாற்ற வேண்டாம், பூசியது போதவில்லை.

பூசுகிற விதமும் உண்டு. டப்பாவுக்குள் விரலை விடாமல், சுத்தமான கரண்டியால் எடுத்துப் புறங்கையில் வையுங்கள். விரலால் கிள்ளி இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் நாடியிலும் பொட்டுப்பொட்டாய் வைத்து, மயிர் வளர்கிற பக்கமாக, அதாவது கன்னத்தில் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் வழியுங்கள். வட்டமாய்த் தேய்த்தால் மயிர்க்கால் அடைபட்டுச் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். தோல் பளபளவென்று கொஞ்சம் வழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஊறிப்போனால் இன்னும் கொஞ்சம். நெளிகிற பிள்ளைக்கு, பால் குடித்து அரைத்தூக்கத்தில் இருக்கிற நேரம் நல்லது. பரஃபின் ஊறிய துணியில் நெருப்புச் சட்டென்று பற்றும். ஆகவே தலையணை உறை, பிப் எல்லாம் எண்ணெய் விளக்குக்கும் நுளம்புச் சுருளுக்கும் எட்டவே இருக்கட்டும். சுருள் புகையும் சாம்பிராணிப் புகையும் எப்படியும் இந்தத் தோலுக்கு ஆகாது.

சோறு ஊட்ட முன் வாயைச் சுற்றி மெல்லியதாய் ஜெலி பூசுங்கள். புளி, தக்காளி, எச்சில் தோலில் நேரடியாய்ப் படாது. ஊட்டி முடிந்ததும் ஈரத் துணியால் ஒற்றி, மறுபடி பூச வேண்டும். வாசனைபோட்ட ஈரத்துடைப்பான் வேண்டாம். உதட்டை நக்குகிற பழக்கமுள்ள நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாயைச் சுற்றி வளையமாய்க் கறுப்பதும் இதே கதைதான். முன்பள்ளிக்குப் போக முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை ஜெலி. கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடலில் இறக்கினால், இறங்க முன் பூசி, ஏறியவுடன் நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி பூசுங்கள். உப்பு காய்ந்து நிற்கக் கூடாது.

தேங்காயெண்ணெய் கேட்பீர்கள். சூடாக்காமல் எடுத்த, வாசனை சேர்க்காத எண்ணெய் உலர்ந்த தோலுக்கு உதவுகிறது என்று பிள்ளைகளில் செய்த ஆய்வு உண்டு. வெடிப்போ நீர் கசிவோ இல்லாத இடத்தில், ஈரத்தின் மேல் பூசலாம். ஒலிவ் எண்ணெய் வேண்டாம். அதிலுள்ள ஒலெயிக் அமிலம் மேற்படையைக் குலைக்கும். கடுகெண்ணெயும் ஆகாது. பேபி கொலோன், பவுடர், தலைவலித் தைலம், மஞ்சள், சந்தனம் எல்லாம் எக்சிமா முகத்துக்கு எரிவைத்தான் தரும். கலமைன் லோஷனைக் கடிக்கு எல்லாம் பூசுவது வழக்கம், ஆனால் அது உலர்த்துகிற மருந்து, காய்ந்த கன்னத்துக்கு எதிரானது. அம்மம்மாவோ மூத்தம்மாவோ மனசு நோகாமல் இருக்க, எண்ணெய் தடவுகிற வேலையைக் கையிலும் காலிலும் நலமான தோலில் அவர்களிடமே விடுங்கள்.

ஈரப்பூச்சு ஒழுங்காய்ப் போட்டும் கன்னம் தடித்து, பிள்ளை இரவில் தூங்காமல் சொறிந்தால் மருந்து வேண்டும். முகத்துக்கு வைத்தியர்கள் வழமையாய்த் தருவது 1 வீத ஹைட்ரோகோட்டிசோன் என்ற, அழற்சியைத் தணிக்கும் மென்மையான ஸ்டீரொய்ட் மருந்து, ஒயின்ட்மென்ட் ஆக. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் அரைக் கிராம். இது விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். சிறு பிள்ளையின் இரண்டு கன்னத்துக்கும் அதில் பாதி. வைத்தியர் சொன்னபடி நாளுக்கு ஒரு தடவை அல்லது இரண்டு, பெரும்பாலும் 5 முதல் 7 நாள். ஈரப்பூச்சுக்கும் இதற்கும் இடையில் 20, 30 நிமிடம் விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று பூசினால் மருந்து நீர்த்து, வேண்டாத இடத்துக்கும் பரவும்.

ஸ்டீரொய்ட் என்ற பயத்தில் இரண்டாம் நாளே நிறுத்துவது ஒரு பிழை. அணைந்த மாதிரி இருக்கும், கிழமைக்குள் திரும்பும். மறுபக்கம், பக்கத்து வீட்டில் யாருக்கோ கொடுத்த டியூபை, அல்லது ஸ்டீரொய்ட்டும் பங்கசு மருந்தும் அன்டிபயோட்டிக்கும் ஒன்றாய்க் கலந்த கிரீமைப் பார்மசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசுவது அதைவிடப் பெரிய பிழை. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற கடும் மருந்துகள் முகத்தின் மெல்லிய தோலை இன்னும் மெலியவைக்கும், சின்ன இரத்தக் குழாய்களைத் தெரியவைக்கும், வாயைச் சுற்றிப் பருப் போடவைக்கும். கண்ணோரம் நெடுநாள் பட்டால் கண் அழுத்தமும் கூடலாம். கண் இமைக்கு எந்த மருந்தும் வைத்தியர் சொன்னால் மட்டும். பெயர் ஒட்டாத சின்ன டப்பாவில் வரும் ‘மூலிகை’ களிம்பு இரண்டு நாளில் மாயமாய்ச் சுகப்படுத்தினால், அதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு டக்ரோலிமஸ் 0.03 வீதம் என்ற ஸ்டீரொய்ட் அல்லாத பூச்சும் உண்டு; அதைத் தோல் வைத்தியரே முடிவு செய்வார்.

கிரந்தி, அதாவது தோலில் கடி கிளப்பும் சாப்பாடு என்று சொல்லி இறால், நண்டு, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறுத்துவது இங்கே சாதாரணம். எக்சிமாவின் மூலம் தோலில் இருக்கிறது. காரணமில்லாமல் நிறுத்தினால் பிள்ளையின் நிறைதான் குறையும். சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று வந்தால் அது வேறு. அந்த உணவை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். மூச்சு இழுத்தால் காத்திராமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

பள்ளிக்கூட வயதில் கன்னத்தில் வெளுத்த திட்டு வந்தால் தேமல் என்றும், வயிற்றுப் பூச்சி என்றும் சொல்லிப் பூச்சிமருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் அது எக்சிமாவின் மிக மெல்லிய வடிவம். ஈரப்பூச்சும் வெயில் தவிர்ப்பும் போதும். நிறம் திரும்பப் பல மாதம் எடுக்கும். ஓரம் மட்டும் தடித்து, நடு தெளிந்து, வட்டமாய் விரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதில் ஹைட்ரோகோட்டிசோன் பூசினால் வெளியே தெரியாமல் தோலில் பரவும்.

தேன் நிறப் பொருக்கு, நீர் கசிவு, தொட்டால் நோவு வந்தால் கிருமி ஏறிவிட்டது, ஓரிரு நாளில் காட்ட வேண்டும். ஒரே அளவுச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாய் வந்து, நடுவில் குழி விழுந்து, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரசாக இருக்கலாம். அன்றைக்கே, இரவானாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். உதட்டில் காய்ச்சல் கொப்புளம் உள்ளவர் எக்சிமா பிள்ளையைக் கொஞ்சக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

கிளினிக்குப் போகும்போது வீட்டில் இதுவரை பூசிய எல்லா டியூபையும், முடிந்துபோனதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கன்னம் மோசமாய் இருந்த நாளில் போனில் எடுத்த படமும் உதவும், ஏனென்றால் முறை வருகிற நாளில் பாதி ஆறியிருக்கும். கன்னம் முழுக்க ஆறிய பிறகும் ஈரப்பூச்சை நிறுத்த வேண்டாம். மாரியில் இரண்டு தடவையாய்க் குறைத்து, அடுத்த கச்சான் எழும்பும்போது மறுபடி நாலாக்குங்கள்.