ரேகையும் விழவில்லை, பென்ஷனும் விழவில்லை

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை. என் சின்ன வயதுச் சிநேகிதி வாசலில் பாஸ்புக்கும் கையுமாக நின்றாள். "ஏட்டி, மாதக் கடைசியில் விழ வேண்டிய பென்ஷன் விழவில்லை. நான் செத்துப்போய்விட்டேனா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. டிசம்பரில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் உயிர்வாழ் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தவள் நான். எல்லாம் முடிந்தது என்று சொல்லி அனுப்பியவளும் நான்தான்.

அவள் பீடித் தொழிலாளி. திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்தி மடியில் பீடித் தட்டை வைத்துவிட்டார்கள். நான் மேலே படித்து, அரசுப் பள்ளி ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். நான் எதற்கெடுத்தாலும் கோப்பு போடுகிறவள், கோபக்காரி. அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பைதான் கோப்பு. ரேஷன் அட்டை முதல் பேரன் ஜாதகம் வரை எல்லாம் அதற்குள் கிடக்கும். கோபம் என்பது அவளுக்கு வருடத்துக்கு ஒரு முறை, இசக்கியம்மன் கோயில் கொடை விழாவில் தண்ணீர்ப் பந்தல் சண்டையின்போது வருவது.

சின்ன வயதில் அவர்கள் வீட்டில்தான் மின்சார பல்பு உண்டு. அதன் கீழே அவள் பீடி சுற்றுவாள், நான் பரீட்சைக்குப் படிப்பேன். இலையைத் தகரம் வைத்து வெட்டி, தூளைப் பரப்பி, ஒரே உருட்டில் சுருட்டி, நூல் கட்டுவாள். நேரம் இருந்தால் நான் முனை மடக்கிக் கொடுப்பேன். என் பாடப்புத்தகங்களில் எல்லாம் புகையிலை வாடை. வகுப்பில் கணக்கு வாத்தியார் என் புத்தகத்தை வாங்கி மோந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரி பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது.

பீடித் தொழிலுக்கு வருங்கால வைப்பு நிதி வந்தது 1977இல். அதன் வழி வரும் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று ஆனது 2014 செப்டம்பரில். இவளுக்கு வருவது அந்த ஆயிரமும் கொஞ்சம் சில்லறையும். என் பென்ஷனோடு இதை ஒப்பிட்டுப் பேச எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் அந்த ஆயிரத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை அவள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களைப் போல நவம்பருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எப்போது கொடுத்தாலும் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். அந்த ஒரு வருடம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை.

டிசம்பரில் முதலில் போனது வங்கிக்கு. ஆட்டோவில் போகலாம் என்றேன். "கட்டணமில்லாத பஸ் வரும்போது ஆட்டோ எதற்கு?" என்று நாற்பது நிமிடம் என்னை நிறுத்தத்தில் நிற்க வைத்தாள். வங்கியில் ஊழியர் ரேகைக் கருவியை நீட்டினார். வலது ஆள்காட்டி விரல், இல்லை. கட்டைவிரல், இல்லை. பத்து விரலும் பார்த்தாயிற்று. "ரேகை விழவில்லை அம்மா, நாளை வாருங்கள்." நாளைக்கு மட்டும் புது விரல் முளைக்குமா என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஐம்பது வருடம் இலையையும் தூளையும் உருட்டிய விரல். நுனியைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும். வரி என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. ரேஷன் கடையிலும் இதே பாடுதான் பட்டாள். கருவிழி பார்க்கும் கருவி வந்த பிறகுதான் அரிசி ஒழுங்காக வந்தது. வங்கியில் அந்தக் கருவி இல்லை. வெளியே வந்தபோது அவள் சொன்னாள்: "அந்தக் காலத்தில் பீடிக்கடையில் என் பீடியைக் கழித்துப் போட்டார்கள். இப்போது விரலையே கழித்துப் போடுகிறார்கள்."

அடுத்து ஒரு இணைய மையம். அங்கிருந்த பையன் பொறுமைசாலி. ஈரத்துணியால் துடைத்தான், தேங்காய் எண்ணெய் தொட்டான், மறுபடி துடைத்தான். கடைசியில் இடது சுண்டுவிரல் விழுந்தது! பீடி சுற்றுவதில் அதிகம் வேலை இல்லாத விரல் அதுதான். சோம்பேறி விரல் காப்பாற்றியது என்று இரண்டு பேரும் சிரித்தோம். பையன் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தான், நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். நான் அந்தத் தாளை ஒரு கோப்பில் போட்டு, தேதி எழுதி, பெருமையாக வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமைதான் பிப்ரவரியில் வாசலில் வந்து நின்றது.

விசாரித்ததில் தெரிந்தவை இரண்டு. ஓய்வூதியத்தை அனுமதிப்பவர் யார், வழங்குபவர் யார் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் இடத்தில், வருங்கால வைப்பு நிதி நிறுவனமான இ.பி.எஃப்.ஓ. என்று போடாமல் வேறு எதையோ அழுத்தியிருக்கிறான் அந்தப் பையன். சான்றிதழ் போகக் கூடாத இடத்துக்குப் போய், நிராகரிக்கப்பட்டிருக்கிறது. சரி, குறுஞ்செய்தி வந்திருக்குமே? வந்திருக்கிறது, அவனுடைய செல்போனுக்கு. எங்கள் எண்ணைக் கேட்கச் சோம்பல்பட்டுத் தன் எண்ணையே போட்டுக்கொண்டிருக்கிறான். "நிறையப் பேருக்கு வரும் டீச்சர், எதை என்று பார்ப்பது?" என்றான். வகுப்பில் என்றால் முட்டி போட வைத்திருப்பேன்.

ஆகவே, பையனோ வங்கி ஊழியரோ தட்டச்சு செய்யும்போது திரையைப் பார்க்காமல் நகராதீர்கள். செல்போன் எண் உங்களுடையதா, வழங்குபவர் இடத்தில் இருப்பது சரியா, பி.பி.ஓ. எண், அதாவது ஓய்வூதிய ஆணை எண், ஒவ்வொரு இலக்கமாகச் சரியா என்று பாருங்கள். பிரமாண் எண் என்று ஒன்று கைக்கு வந்ததுமே வேலை முடிந்ததாக நினைத்து நான் ஏமாந்தேன். சான்றிதழ் உருவானதற்குத்தான் அது அடையாளம். வழங்குபவர் ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு கதை. இரண்டு நாள் கழித்து அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மறுபடி சுண்டுவிரலைத் தேடிப் போகலாம் என்றால், அதில் கட்டு. இலை வெட்டும் கத்தரி பட்டுவிட்டதாம். அறுபத்தேழு வயதில், பென்ஷன் வாங்குகிறவள், இன்னும் ஏன் இலை வெட்டுகிறாய் என்று சத்தம் போட்டேன். "ஆயிரம் ரூபாயில் நீ குடும்பம் நடத்திக் காட்டு, நான் நிறுத்துகிறேன்" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பிறகுதான் முகம் காட்டும் முறை ஞாபகம் வந்தது. 2022 ஜூலையிலிருந்து இ.பி.எஃப்.ஓ. ஓய்வூதியர்களுக்கும் இது உண்டு. ஆன்ட்ராய்டு செல்போனில் உயிர்வாழ் சான்றிதழுக்கான ஜீவன் பிரமாண் செயலி, அதோடு ஆதார் முகம் சரிபார்க்கும் இன்னொரு செயலி, இரண்டும் வேண்டும். இரண்டாவதைப் போடாமல் நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். போட்டதும் அவள் முகத்தைக் கேட்கும் என்று பார்த்தால், முதலில் என் ஆதார் எண்ணையும் என் முகத்தையும் கேட்டது. செயலியை இயக்குபவர் யார் என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். அறுபது வருடப் பழக்கத்துக்கு இது வரைக்கும் எந்தப் படிவத்திலும் கட்டம் இருந்ததில்லை. எங்கே போனாலும் "நீங்கள் யார், தங்கையா?" என்றுதான் கேட்பார்கள். இங்கே உறவே கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டது.

அடுத்தது அவள் முறை. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, முற்றத்தில் வெயில் கூடுதல். கடைசியில் திண்ணையின் வெள்ளைச் சுவர் சரிப்பட்டது. கண்ணாடியைக் கழற்றினாள். செல்போனைப் பிடித்தேன். கண்ணை இமைக்கச் சொல்கிறது செயலி. இவள் இமைக்கவே இல்லை! இரும்புபோல நிமிர்ந்து, மூச்சை அடக்கி, கண்ணை உருட்டி முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இமை, ஏட்டி!"

"போட்டோ பிடிக்கும்போது எவளாவது இமைப்பாளா?"

அவள் கல்யாணத்துக்கு முன் ஸ்டூடியோக்காரர் போட்ட அதட்டல் அது. நானும் பக்கத்தில் நின்றேன். நாற்பத்தைந்து வருடமாக அவள் அதை மறக்கவில்லை. நான்கு முறை தோற்றது. ஐந்தாவது முறை, கணக்கு வாத்தியார் புத்தகத்தை மோந்து பார்த்த கதையை எடுத்துவிட்டேன். சிரிப்பில் கண் தானாக மூடித் திறந்தது. பச்சை வட்டம் வந்தது.

அவள் பெயரில், அவள் எண்ணுக்கே குறுஞ்செய்தி. மூன்றாம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் தெரிந்தது. பைசா செலவில்லை. மார்ச் கடைசியில் நின்றுபோன மாதங்களின் பணமும் சேர்ந்து விழுந்தது. பென்ஷன் நின்றால் போச்சு என்று பதற வேண்டாம், சான்றிதழ் சேர்ந்த பிறகு நிலுவையைத் தந்துவிடுகிறார்கள்.

பணம் எடுத்த அன்றே வந்து, இணைய மையத்துக்கு நான் கொடுத்த நூறு ரூபாயை நீட்டினாள். வேண்டாம் என்றேன். பேசாமல் அடுக்களைக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து உளுந்து டப்பாவைத் திறந்தபோது நோட்டு இருந்தது.

எனக்கும் கருவூலத்தில், உயிரோடிருப்பதைக் காட்டும் நேர்காணல் வருகிறது. துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். "ஆட்டோ கூடாது. அங்கே போய்க் கோபப்பட்டு முறைத்துக்கொண்டு நிற்காதே, கண்ணை இமைத்துத் தொலை" என்பது உத்தரவு.