ஒரு சென்ட் மனையும் பஸ் வசதியும்

போக்குவரத்துத் திட்ட ஆலோசனை வேலை என்றால் நாள் முழுக்க மேம்பாலம் வரைந்துகொண்டிருப்போம் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நாங்கள் செய்வது தலை எண்ணுவதுதான். காலை ஆறு மணிக்கே பஸ் ஸ்டாப்பில் அட்டையும் பேனாவுமாக நிற்க வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், காத்திருந்து அலுத்து எத்தனை பேர் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனார்கள் என்று கோடு போட வேண்டும். அப்புறம் வீடு வீடாகப் போய், எங்கே வேலை, எப்படிப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்க வேண்டும். பஸ்ஸைப் பற்றிக் கேட்கப் போன இடங்களில் நான் அதிகம் தெரிந்துகொண்டது வீடுகளைப் பற்றி.

சென்னை அரும்பாக்கத்தில் அப்படி ஒரு சர்வே. 1977-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் மனை போடப்பட்ட பகுதி அது. வில்லிவாக்கம், கொடுங்கையூரிலும் இதே மாதிரி நடந்தது. அரசு வீடு கட்டித் தரவில்லை, மனை கொடுத்தது. சின்ன மனைகள் ஏறக்குறைய ஒரு சென்ட். தெரு, தண்ணீர், சாக்கடை இணைப்பு, ஏழை வீட்டு மனையில் ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். மிச்சத்தை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டியது. பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, சின்ன மனைகளின் விலையைத் தாங்கினார்கள். அதே திட்டத்தில், அன்று சென்னை நகர பஸ்களை ஓட்டிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்துக்குப் பஸ் வாங்கவும் பணம் இருந்தது. வீடும் பஸ்ஸும் ஒரே கோப்பில்! இன்றைக்கு இரண்டுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனி ஆலோசகர். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

நான் போன ஒரு வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். "கக்கூஸும் குழாயும்தான் இருந்திச்சு தம்பி. பக்கத்துல கீத்துக் கொட்டாய் போட்டு உக்காந்தோம். சீட்டு எடுத்தப்போ சுவரு, பொண்ணு வேலைக்குப் போனப்புறம் தளம்" என்றார். இப்போது கீழே முன்னறையில் தையல் கடை, பின்னால் அவர் குடித்தனம், மாடியில் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் இருவர் வாடகைக்கு. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நாலு மூலையிலும் தூண் கம்பிகள் இரண்டடிக்கு நீட்டிக்கொண்டிருந்தன. துருப்பிடிக்காமல் இருக்கச் சிமென்ட் பால் பூசியிருந்தார்கள். அடுத்த மாடி எப்போது என்று கேட்டேன். "பேரன் கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார்.

எங்கள் படிவத்தில் அந்தக் கம்பிக்குக் கட்டம் கிடையாது. ஆனால் அந்தத் தெருவில் பஸ்ஸுக்குக் கூட்டம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை நடக்கிற தூரம். 1996-ல் கோயம்பேடு மார்க்கெட், 2002-ல் பஸ் நிலையம், 2015-ல் மெட்ரோ என்று ஒவ்வொன்றாக வர, வீடுகளும் ஒவ்வோர் அறையாக வளர்ந்தன. அதற்காக எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. ஒற்றை மாடிக் கணக்கில் போட்ட சாக்கடை மூன்று மாடிக்குத் திணறுகிறது. தெருவெல்லாம் பைக். முதலில் மனை வாங்கியவர்களில் விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு.

நகரத்தின் தெற்கு விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கத்துக்குப் போனால் கணக்கு வேறு. நகரத்தின் ஆற்றுக் கரையோரங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்க்கப்பட்டவர்களுக்கு எட்டு மாடி அடுக்குமாடிகள். சுவர், தளம், கழிப்பறை எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டது. வாழ்க்கை மாறினாலும் வீடு மாறாது. ஏழாவது மாடியில் இருப்பவர் தையல் கடை எங்கே வைப்பார்? கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் மேசை போட்டு இட்லி விற்றால் அது ஆக்கிரமிப்பு. அங்கே நான் பேசிய ஒரு பெண் மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்கிறவர். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதில் அவருக்கு உண்மையிலேயே நிம்மதி. "காசு மிச்சம்தான் சார். முன்னாடி மூணு வீடு பாத்தேன், இப்போ ஒண்ணுதான் முடியுது" என்றார். போக வர அவருக்கு ஆகும் நேரத்தில் இரண்டு வீட்டு வேலை போய்விட்டது.

அறிக்கையில் இதை ஒரு பத்தியாக எழுதினேன். கீழ்த்தளத்தில் கடைகளை அனுமதித்து அறைகளை ஒதுக்குங்கள், வேலை பக்கத்திலேயே வந்தால் காலை பஸ் நெரிசல் தானாகக் குறையும் என்று. மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் சிவப்பு மையால் அடித்தார். "இது பஸ் ரிப்போர்ட்டுப்பா." சரி என்று எடுத்துவிட்டேன். பிற்சேர்க்கையில், பயண நோக்கங்கள் என்ற அட்டவணைக்குக் கீழே, சின்ன எழுத்தில் திரும்பச் சேர்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம் முதல் சோழிங்கநல்லூர் வரை போகும் வழித்தடம் பெரும்பாக்கம் வழியாக வருகிறது. ரயில் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும், கடைகள் வரும். அது இட்லி மேசைக்கும் ஒரு அறையாகுமா, இல்லை அதை இன்னும் தள்ளிவிடுமா என்பது ரயிலைவிட, அந்தக் கீழ்த்தளத்தில் என்ன நடத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதப்படும் விதியைப் பொறுத்தது. அந்த ஒரு பக்கத்தை எழுத எந்த ஆலோசகருக்கும் இதுவரை டெண்டர் விட்டதாக நான் கேள்விப்படவில்லை. விட்டால் எங்கள் நிறுவனத்தை விண்ணப்பிக்கச் சொல்லி மேலாளரிடம் நச்சரிப்பேன்.