வெள்ளி மாஸின் மணத்தை ஸ்பிரிங்டெயில்கள் தேடிச் செல்கின்றனவா: ஈரப்பதம் ஒருவழியாகச் சமனான கதை

குன்னூரில் வீட்டுப் பின்சுவரிலிருந்து எடுத்து வளர்த்துவரும் வெள்ளி மாஸ் எனப்படும் பிரையம் ஆர்ஜென்டியம் என்ற பாசியின் ஆண் திட்டு, பெண் திட்டு இரண்டில் ஸ்பிரிங்டெயில்கள் என்ற இறக்கையற்ற சிறு மண்ணுயிர்கள் எதை நாடுகின்றன என்று பார்க்கும் ஒய் வடிவக் குழாய்ச் சோதனை, இந்த மழைக்காலத்தில் நம்பத்தக்க விடையைத் தந்துவிட்டது. பெரும்பாலானவை பெண் திட்டிலிருந்து காற்று வரும் கிளைக்கே திரும்பின. திட்டுகள் இருந்த புட்டிகளை இடம் மாற்றியபோது அவையும் பக்கம் மாறின. 2012-இல் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் செரட்டோடான் பர்ப்யூரியஸ் மாஸை வைத்து நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவும் இதுவே: ஆணும் பெண்ணும் வெளியிடும் ஆவியாகும் சேர்மங்கள் வேறுபடுகின்றன, ஸ்பிரிங்டெயில்கள் பெண் செடியின் மணத்தை விரும்புகின்றன. அதை என் மேசையில் கண்டதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஆனால் இந்த முயற்சியில் மணத்தைவிட ஈரமே என் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது. ஸ்பிரிங்டெயில்களின் உடல் எளிதில் உலர்ந்துவிடும் என்பதால், ஈரம் சற்றே கூடிய பக்கத்துக்கு அவை மணத்தைப் பொருட்படுத்தாமல் ஓடிவிடும். ஆண் திட்டும் பெண் திட்டும் ஒரே அளவு நீரைப் பிடித்துவைப்பதும் இல்லை. ஆகவே மீன்தொட்டிப் பம்பிலிருந்து வரும் காற்றை முதலில் ஆக்டிவேட்டட் கார்பன் வழியாகவும், பிறகு நீர்ப்புட்டிக்குள் குமிழியிட வைத்தும் அனுப்பினேன். இரு கிளைகளுக்கும் அதன் பின்னரே காற்று பிரிகிறது. இப்படி ஈரத்தால் நிறைவுற்ற காற்று, குழாய் சிறிது குளிர்ந்திருந்தாலும் கண்ணாடியில் துளிகளாகப் படிந்து வழியை அடைத்துவிடுகிறது. புட்டிகள், குழாய், இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, வெளிச்சம் ஒருபக்கம் விழாதபடி கறுப்புத் தாளால் மூடி, வெப்பநிலை சமனாகும்வரை காத்திருந்தால் மட்டுமே துளி படிவதில்லை. மாஸ் இல்லாமல் ஈரமான பிளாஸ்டர் மட்டும் இருபுறமும் வைத்து ஓட்டும்போது ஸ்பிரிங்டெயில்கள் ஏறத்தாழ சரிபாதியாகப் பிரியவேண்டும். அது நிகழாத நாளில் அடுத்த கட்டத்துக்குப் போவதில் பொருளே இல்லை. கூடித் திரள்வதற்கான மணத்தை அவை கண்ணாடியில் விட்டுச் செல்வதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் குழாயை ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலர்த்துவதும் கட்டாயம்.

குழாய் வாங்குவோருக்கு ஒரு சொல். மலிவான பிவிசி குழாயின் வாடை தனியே ஒரு குறுக்கீடு. விலை கூடினாலும் சிலிகோன் குழாயே வாங்குங்கள். டெரேரியம் பொருள் விற்கும் ஒருவரிடம் கரியில் வளர்த்த ஸ்பிரிங்டெயில் கேட்டால், பாதிக்குப் பாதி சிற்றுண்ணிகள் கலந்து வந்தன என்பது இன்னும் ஆறாத குறை. இந்தச் சோதனைக்கு அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஆயினும் அந்தச் சிற்றுண்ணிகளை எறிந்துவிடவில்லை. 2006-இல் சுவீடனின் கிரான்பெர்க் குழுவினர் இதே பிரையம் ஆர்ஜென்டியத்தின் ஆண், பெண் திட்டுகளைப் பிளாஸ்டர்மேல் 0, 2, 4 சென்டிமீட்டர் இடைவெளிகளில் வைத்தபோது, திட்டுகள் தொடாத இடங்களில் ஸ்பிரிங்டெயிலோ சிற்றுண்ணியோ இருந்தால் மட்டுமே, கருவுறுதலுக்குப் பின் வளர்ந்து ஸ்போர்களைத் தரும் ஸ்போரோஃபைட்டுகள் உருவாயின. விந்தணுக்கள் நீந்திக் கடக்கமுடியாத இடைவெளியைச் சிற்றுயிர்கள் கடத்திவிடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறையை நான் அறியேன். அதற்கான பிளாஸ்டர் தட்டுகளை இப்போதே வார்த்து வைத்துவிட்டேன்.

அதற்குமுன் முடிக்கவேண்டியது ஒன்று உள்ளது. ஆண் திட்டுக்கு எதிரே வெறும் ஈரப் பிளாஸ்டரை வைத்து ஓட்டவேண்டும். ஆணின் மணம் அவற்றை ஈர்க்கிறதா, விலக்குகிறதா, அல்லது கண்டுகொள்ளப்படாமலே போகிறதா என்பது அப்போதுதான் விளங்கும். என் சுவரில் பெண் திட்டுகளே மிகுதி என்பதால், விந்தணு உருவாகும் உறுப்புகளான ஆந்தரீடியங்களை நுண்ணோக்கியில் உறுதிசெய்த ஆண் திட்டு இப்போது கையளவே இருக்கிறது. அது தட்டு நிறையப் பெருகும்வரை இந்த ஓட்டம் நிற்கும்.