சூசையப்பர் மாதத்தில் தேம்பாவணி

மார்ச் 2, 2025
நேற்று, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் மாதம் தொடங்கியது. இந்த மாதம் வீரமாமுனிவரின் தேம்பாவணிக் காப்பியம் படிக்கிறேன். 36 படலங்கள், 3,615 பாடல்கள். முடியாது என்று தெரியும், சரி, போகிற வரை போகட்டும். நற்செய்திகள் நான்கிலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னதைச் செய்கிறார். அந்தத் தச்சரைப் போய்க் காப்பியத் தலைவனாக்கியிருக்கிறார் வீரமாமுனிவர்!

மார்ச் 6
நாட்டுப் படலம். இயேசு பிறந்த சூதேய நாட்டில் மழையும் ஆறும் வயலுமாக ஒரே செழிப்பு. "அந்தக் கல்லுக்காட்டில் ஏதம்மா இவ்வளவு வயல்?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் பிளாரன்ஸ் சான் மார்க்கோ மடத்துச் சுவரில் பிரா ஆஞ்சலிகோ வரைந்த மங்கள வார்த்தைக் காட்சியைப் பார்க்க வேண்டும். வானதூதர் மாதாவை வாழ்த்துவது இத்தாலியத் தூண் மண்டபத்தில். அதைத் தப்பு என்று யாரும் சொல்வதில்லை. முனிவரும் 1680இல் இத்தாலியில் பிறந்தவர்தான். ஆனால் அவர் திருக்குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது தான் பிறந்த ஊரில் அல்ல, வந்து சேர்ந்த தமிழ் மண்ணில். அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

மார்ச் 13
அம்மாவுக்கு இன்று ஆண்டு நினைவுப் பூசை. வரிசையை விட்டுத் தாவி, கருணையன் தாயை இழந்து அழும் இடத்துக்குப் போனேன். கருணையன் என்றால் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த யோவான். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் இரக்கம் இருக்கிறது, அதனால் கருணையன். சூசையப்பரின் எபிரேயப் பெயரான யோசேப்பு என்பதில் பெருகுதல் இருக்கிறது, அதனால் அவர் வளன். பெயரைக்கூட ஒலி பார்த்து மாற்றவில்லை, பொருள் பார்த்து மாற்றியிருக்கிறார்.

தாயின் சொல்தான் தனக்கு மழை என்கிறான் கருணையன். துளி விழாமல் இளம்பயிர் மணி பிடிக்கும் முன்னே காய்வதுபோல் காய்ந்தேன் என்கிறான். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. சூதேயாவில் வயல் எதற்கு என்ற கேள்விக்கு மகனிடம் இந்தப் பாட்டைத்தான் காட்டியிருக்க வேண்டும். வயலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அழுகை வேறெந்த உவமையில் வரும்?

மார்ச் 16
ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில். முனிவர் இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, மாதாவுக்குக் கலம்பகமும் பாடினார். கூட்டம் இல்லை. கொள்ளிடக் கரைக் காற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 19
திருவிழாப் பூசை. எங்கள் பங்குக் கோயிலில் அவர் இன்றும் சூசையப்பர்தான், திருச்சியில் கல்லூரிப் பலகையில் தூய வளனார். எனக்கு இரண்டுமே வேண்டும். அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மழைப் பாட்டை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று மெதுவாகப் படித்தேன்.