கட்டாயப் பாடத்துக்கு அப்பால் கொஞ்சம் புள்ளியியல்

முனைவர் பட்டப் படிப்பில் எங்களுக்குக் கட்டாயமாக இருந்தது ஒரே ஒரு புள்ளியியல் தாள். சராசரி, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை, கடைசியில் அவசர அவசரமாக ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை). தேர்வு எழுத அது தாராளம். ஆனால் யாரோ சேகரித்த சர்வே தரவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது. அதனால் கோடை விடுமுறையில் தனியாகப் பயிற்சிக்குப் போனேன். "முதலில் அத்தியாயத்தை முடியுங்கள்" என்றார் நெறியாளர். அவர் கவலை நியாயமானதுதான். அந்த ஆண்டு அத்தியாயம் தள்ளித்தான் போனது.

இத்தகைய கோடைப் பள்ளிகள் நேற்று வந்தவை அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஐ.சி.பி.எஸ்.ஆர். என்ற சமூக அறிவியல் தரவுக் காப்பகம் நடத்தும் பயிற்சி 1963-இல் தொடங்கியது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1968-இல் தொடங்கியது.

எனக்கு அதிகம் பயன்பட்டது, தொகுதி தொகுதியாக எடுத்த தரவை எப்படிக் கையாளுவது என்ற பாடம். 100 பள்ளிகள், பள்ளிக்கு 30 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000 பேர். ஒரே பள்ளியில் ஒரே ஆசிரியர்களிடம் படிப்பவர்கள் ஓரளவு ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையின் அளவு 0.1 என்றால் (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி), மாதிரியெடுப்பு நிபுணர் லெஸ்லி கிஷ்ஷின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சூத்திரப்படி 1 + (29 × 0.1) = 3.9. 3,000-ஐ இந்த 3.9-ஆல் வகுக்க வேண்டும்: சராசரியைக் கணக்கிடும்போது அந்த 3,000 பேர் தரும் தகவல், தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த சுமார் 770 பேர் தருவதற்குத்தான் சமம். கணக்கிட்ட சராசரி உண்மையிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்று காட்டும் திட்டப்பிழை கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. பள்ளி அளவில் மட்டும் மாறுகிற ஒன்றை, தலைமையாசிரியரின் அனுபவம் போல, ஆராய்ந்தாலும் இதே சிக்கல்தான். சாதாரண ரிக்ரஷனில் போட்டுப் பார்த்தால், தற்செயல் என்று ஒதுக்க முடியாத 'முக்கியத்துவம் வாய்ந்தது' என்று அட்டவணையில் நட்சத்திரக் குறி விழுந்திருக்கும். சரியாகக் கணக்கிட்டால் அது காணாமல் போய்விடக்கூடும்.

இப்போது திட்டங்களை மதிப்பீடு செய்யும் வேலையில் இருக்கிறேன். அறிக்கை ஒன்று மேசைக்கு வந்தால் முடிவு அட்டவணைக்குப் போவதற்கு முன், மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்ற பத்தியைத் தேடுகிறேன். பல அறிக்கைகளில் அப்படியொரு பத்தியே இருப்பதில்லை. அந்த நட்சத்திரத்துக்கு அடிப்படையான பி-மதிப்பு (உண்மையில் தாக்கமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு வருவதற்கான வாய்ப்பு) 0.05-க்குக் கீழே இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கையே விட்டது. ஆனாலும் கூட்டங்களில் நட்சத்திரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பயிற்சியில் படித்த அணிக் கணிதம் பெரும்பாலும் மறந்துவிட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கையில் சொந்தத் தரவோடும் அதைப் பற்றி என்னை உறுத்துகிற ஒரு கேள்வியோடும் போனதால்தான் மீதி நின்றது என்று நினைக்கிறேன். எது பேச்சில் அடிபடுகிறதோ அந்த வகுப்பில் சேர்ந்தவர்கள் சான்றிதழோடு திரும்பினார்கள், அவ்வளவுதான். (சான்றிதழுக்கும் வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை.)

இன்னொரு கோடை கிடைத்தால் விடுபட்ட தரவு பற்றிய வகுப்பில்தான் சேர்வேன். வருமானத்தைக் கேட்டால் பலர் பதில் சொல்வதில்லை. ஆர் (R) போன்ற புள்ளியியல் மென்பொருளில் ரிக்ரஷன் ஓட்டினால், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை, அந்த வரிசைகளை அதுவே கழித்துவிட்டுக் கணக்குப் போடும். பதில் சொல்லாதவர்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்களாக இருந்தால் முடிவு ஒரு பக்கமாகச் சாயக்கூடும். காலி இடத்துக்குப் பல சாத்தியமான மதிப்புகளை இட்டு, முடிவுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை இருக்கிறது. புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகவே பழகிவருகிறேன்; மெதுவாகத்தான் நகர்கிறது.