எக்ஸ்ஜே6 வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு

பழைய பிரிட்டிஷ் சொகுசுக் கார்களில் என் மனம் எப்போதும் முதலில் போய் நிற்பது 1968ஆம் ஆண்டு வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்ஜே6 மீதுதான். ஜாகுவார் நிறுவனர்களில் ஒருவரான சர் வில்லியம் லயன்ஸின் கைவண்ணம் முழுமையாகத் தெரியும் கார் அது. அந்தத் தாழ்ந்த கூரையையும் நான்கு வட்ட விளக்குகள் கொண்ட முகப்பையும் மிஞ்சும் அழகை வேறெந்த செடானிலும் நான் கண்டதில்லை.

வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் துருவைத் தேட வேண்டும். 1948இல் ஜாகுவாரின் எக்ஸ்கே120 ஸ்போர்ட்ஸ் காரில் அறிமுகமான ஆறு சிலிண்டர் எஞ்சினின் வழிவந்த 4.2 லிட்டர் எஞ்சின், ஆயிலும் கூலண்டும் ஒழுங்காக இருந்தால் நெடுங்காலம் உழைக்கும். பாடி அப்படியல்ல, கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி, பின்சக்கர வளைவுகள், இருபுறமும் உள்ள பெட்ரோல் டேங்குகளின் அடிப்பாகம் ஆகியவை வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரித்துப் போயிருக்கும். பின்பக்க டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருப்பதால், அவற்றை முழுமையாகச் சீரமைக்க இவற்றைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேமையே மொத்தமாக இறக்கிவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்யூ கார்புரேட்டரைச் சரிபார்ப்பதுதான். ஏர் ஃபில்டரையும், பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கும் டேம்பரையும் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குள் இருக்கும் அந்தப் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால், அது எங்கும் தடைபடாமல் இறங்கி ‘டக்’கென்று அமர வேண்டும், அந்த ஓசை தெளிவாகக் கேட்ட பிறகே டேம்பரில் ஆயில் விடுவேன்.

டாஷ்போர்டின் வால்நட் மரத்தின் மேலுள்ள வார்னிஷ் வெடித்திருந்தால் அவசரப்பட்டு மெஷின் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் மரத்தகடு மிக மெல்லியது. பழைய வார்னிஷைக் கையாலேயே பொறுமையாக நீக்க வேண்டும்.