கொலுசு பற்றவைக்கிற தூரத்துக்கு ஒரு கண்ணாடி

சேலம் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கண்ணி கோத்துப் பற்றவைப்பது என் வேலை. 47 வயதில் வெள்ளெழுத்து வந்துவிட்டது. தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு தெரியும். கையில் இருக்கும் கண்ணியின் வாய் மூடியிருக்கிறதா என்று தெரியாது. கையை நீட்டினால் தெரிகிறதுதான், ஆனால் நீட்டிய கையோடு பற்றவைக்க முடியுமா?

ரெடிமேட் கண்ணாடி போதும் என்றார்கள். அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான், கண்ணின் வளைவுக் கோணலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவரும் இருக்காது. அதனால் ஐந்து ரோடு பக்கம் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன்.

முதலில் மெஷினில் தாடையை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அது தோராயக் கணக்குத்தான். அப்புறம் சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார் பரிசோதித்த பெண். இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அப்படியே சொல்லுங்கள், அவர்களுக்கு அதுவும் பதில்தான். என் வலது கண்ணில் லேசாக சிலிண்டர் பவர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கருவிழியின் முன்பரப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவு வளைந்திருக்காவிட்டால் இது வருமாம்.

அடுத்து, படிக்கிற அட்டை. 40 செ.மீ. தள்ளிப் பிடித்தேன். ப்ளஸ் 1.50 வைத்ததும் பொடி எழுத்தும் தெரிந்தது. "சரியா இருக்காக்கா?" என்றார். பையிலிருந்து பாதி முடிந்த கொலுசை எடுத்தேன். "நான் நாள் முழுக்கப் பார்க்கிறது இதைத்தாங்க மேடம்."

பட்டறையில் எப்படிக் குனிவேனோ அப்படியே உட்காரச் சொல்லி டேப் வைத்து அளந்தார். 28 செ.மீ.! வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடுகிறது. கிட்டத்துப் பொருளுக்காக முன்போல உப்பாது. பொருள் நெருங்க நெருங்க வெளியிலிருந்து அதிக பவர் கொடுத்தாக வேண்டும். ப்ளஸ் 2.25 வைத்தார். கண்ணியின் வாய் கோடு போலத் தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கண் அழுத்தம் பார்த்தார்கள், சொட்டு மருந்து விட்டு விழித்திரையும் பார்த்தார்கள். நாற்பது தாண்டினால் இதைத் தவிர்க்கவே கூடாது. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலி காட்டாமல் பார்வையைத் தின்னும். சொட்டு விட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது. தம்பிதான் கூட்டிவந்தான்.

கடையில் தூரமும் கிட்டமும் ஒரே வில்லையில் தெரியும் ப்ராக்ரஸிவ் கண்ணாடி காட்டினார்கள். வீட்டுக்கு நல்லது. பட்டறைக்கு அதில் கிட்டத்தில் பார்க்கும் பகுதி குறுகல், ஓரம் கலங்கும். வேலைக்கென்று தனியாக ஒரே பவர் கண்ணாடி போட்டேன். அதில் அரை மீட்டர் தாண்டினால் மங்கல்தான், அது குறையல்ல.

60 வயதுவரை பவர் மெல்ல ஏறுமாம், அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்காரும் அக்கா அடுத்த வாரம் போகிறார். கையோடு ஒரு கொலுசு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.